ஒட்டா நீர்மங்களிடையே பிறக்கும் ஏடு

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுவதில்லை என்பதை யாவரும் அறிவர். ஒரே பாத்திரத்தில் ஊற்றினாலும் அவை தனித்தனியே நிற்கும். நடுவில் ஓர் எல்லை தோன்றும். அவ்வெல்லையையே தொழிற்கூடமாக்கி, மயிரிழையினும் மிக மெல்லிய ஏடுகளை இரசாயன அறிஞர் உருவாக்குகின்றனர். அஃது எவ்வாறு எனக் காண்போம்.

நைலான் செய்ய இரு பொருள்கள் வேண்டும். ஒன்று டைஅமீன், மற்றது அமிலக் குளோரைடு. முன்னதை நீரிலும், பின்னதை நீரோடு கலவாத ஹெக்ஸேன் போன்ற கரைப்பானிலும் கரைக்கின்றனர். நீர்க்கரைசலின்மீது மற்றதை மெதுவாக ஊற்றியதும், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போல் பிணைகின்றன. நொடிப்பொழுதில் வெண்ணிற ஏடு படிகிறது. ஆலைகளில் 250 பாகை செண்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டில் நடைபெறும் வேலை இங்கு அறை வெப்பத்திலேயே முடிகிறது. அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனத்து அறிஞர்களான பால் மார்கனும் ஸ்டெஃபனி குவோலெக்கும் 1959-இல் இதனை வகுப்பறைச் சோதனையாக விளக்கி எழுதினர். ஏட்டின் நடுவைக் குறட்டால் பற்றித் தூக்கினால், புதிய ஏடு தொடர்ந்து பிறந்து, கயிறுபோல் நீண்டுகொண்டே வரும்.

தூக்காது விட்டால் ஏடு தடித்துக்கொண்டே போகுமா? போகாது. படிந்த ஏடே இரு பொருள்களுக்கும் இடையே சுவராகிவிடுகிறது. வளர்ச்சி தானே அடங்குகிறது. எங்கேனும் சிறு துளை இருப்பின், அவ்வழியே இரண்டும் சந்தித்து அதனை அடைத்துவிடும். ஏடு மெல்லியதாயும் ஓட்டையற்றதாயும் அமைவது இதனாலேயே.

இத்தன்மையே குடிநீருக்கு உதவியது. அமெரிக்கரான ஜான் கடோட், நுண்துளைகள் நிறைந்த பாலிசல்போன் தளத்தை அமீன் கரைசலில் நனைத்து, அதன்மேல் அமிலக் குளோரைடு கரைசலைப் படரவிட்டு ஏடு உண்டாக்கினார். இதற்கு 1981-இல் அவர் காப்புரிமை பெற்றார். ஏட்டின் தடிப்பு, மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. உப்புநீரை அழுத்தத்துடன் செலுத்தினால் நீர் ஊடுருவும். உப்பு பெரும்பாலும் தங்கிவிடும். ஏடு தடித்திருந்தால் நீர் கடப்பது அரிதாகும்; அழுத்தத்துக்கான மின்செலவும் பெருகும்.

சிங்கப்பூரில் 2003-இல் தொடங்கப்பட்ட நியூவாட்டர் ஆலைகளில், பயன்படுத்திய நீரைத் தூய்மையாக்குவதில் இவ்வகை ஏடுகளுக்கு முக்கியப் பங்குண்டு. எனினும் இதற்கும் ஒரு பகை உண்டு. கிருமிகளைக் கொல்ல நீரில் இடும் குளோரின் இவ்வேட்டை அரித்துவிடும். ஆதலால் தனிக் குளோரின் ஏட்டைத் தொடாதபடி காப்பது இன்றியமையாதது. குளோரினைத் தாங்கும் ஏட்டை ஆக்க அறிஞர் இன்றும் முயன்று வருகின்றனர்.