பழைய கம்ப்யூட்டருக்குச் செலவு செய்யலாமா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல், ஷூ உதிரிப் பொருள்கள், இரசாயனம், மளிகை என எந்தக் கடைக்குப் போனாலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரமாக வாங்கியவர்கள் நம்மில் பலர். அந்தக் கம்ப்யூட்டர்கள் இன்று மூச்சு வாங்குகின்றன.

முன்பு கம்ப்யூட்டர் படுத்தால் கையால் பில் எழுதிச் சரக்கை அனுப்பினோம். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், வரிப்பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். கம்ப்யூட்டர் நின்றால் லாரியும் நிற்கும். விற்பனையாளரைக் கேட்டால், "புதுசா வாங்கிடுங்க சார்" என்பார். பணத்தை எடுக்குமுன் சற்று யோசிப்போம்.

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. ஷூவின் மேல்தோல் நன்றாக இருந்தால் அடியை மட்டும் மாற்றலாம். மேல்தோலே வெடித்துவிட்டால் புது அடி வீண். கம்ப்யூட்டருக்கு மேல்தோல் என்பது மதர்போர்டு.

எங்கே மந்தம்?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலை நடக்கும்போது அதில் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் ராம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். கணக்கு, பில் வேலைகளில் பிராசசர் குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

எங்கள் மொத்தக் கடையில் 4 ஜி.பி. ராமை 8 ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டோம். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வரும்வரை காத்திருந்த நிலை மாறியது. பிராசசரைத் தொடவே இல்லை.

ராம் வாங்கும்போது பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். டி.டி.ஆர். 3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது. விண்டோஸ் 32 பிட் வகையானால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டும் பயனில்லை. 2025-ன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் கொள்முதலால் ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. எனவே தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூரில் வாங்கினாலும் பில் கேளுங்கள். 18 சதவீத வரியை, காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம்.

பிராசசரில் ஒரு பொறி

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி, பொதுவாக இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். டெஸ்க்டாப்புக்கான 8-ம் தலைமுறை 2017 அக்டோபரில்தான் வந்தது. ஆக, ஜி.எஸ்.டி. வந்த நாளில் வாங்கிய இன்டெல் கம்ப்யூட்டரில் அது இருக்க வழியில்லை.

"பிராசசரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் உஷார். 7-ம் தலைமுறைக்கும் 8-ம் தலைமுறைக்கும் சாக்கெட் ஒரே 1151 முனைகள்தான், பார்வைக்கு உட்காரும். ஆனால் பழைய போர்டில் இயங்காது. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 போர்டு வைத்திருப்பவர்களுக்குச் சற்று அதிர்ஷ்டம். அவற்றில் பலவற்றில் பயாஸைப் புதுப்பித்தால் பிந்தைய ரைசன் பிராசசர்கள் வேலை செய்யும். போர்டு தயாரிப்பாளரின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

என் கணக்கு இதுதான். 8-ம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருந்தால் ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் தயங்காமல் செலவிடலாம். அதற்கு முந்தியதானால் எஸ்.எஸ்.டி.யோடு நிறுத்துங்கள், நாளை அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். வங்கி, வரி வேலைகளைப் புதிய கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பழையதை இண்டர்நெட் இணைப்பில்லாமல் குடோன் இருப்புக் கணக்குக்கு வையுங்கள்.

கழற்றுமுன் நகல்

திருப்புளியை எடுக்குமுன் கணக்கு முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். கம்ப்யூட்டர் போனால் இன்னொன்று வாங்கலாம். பாக்கிதாரர் பேரேடு போனால் எந்தக் கடையில் வாங்குவது?

கழித்த பழைய பாகங்களைக் காயலான் கடையில் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். டிஸ்க்கில் உள்ள கணக்கை அழித்த பிறகே கைமாற்றுங்கள். அதில் இருப்பது நம் கணக்கு மட்டுமல்ல, நம்மை நம்பிய வாடிக்கையாளர்களின் கணக்கும்தான்.