பள்ளி முடிந்த பிள்ளைக்கு எந்த வழி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியானதும் நம் இல்லங்களில் எழும் முதற்கேள்வி, "பிள்ளையை இனி என்ன செய்வது?" என்பதுதான். கடையில் துணைக்கு ஆள் வேண்டும் என்கிறார் தந்தை. அரபு நாட்டிலிருக்கும் மாமா, விசா எடுத்துத் தருவதாகச் சொல்லி அனுப்புகிறார். பக்கத்து வீட்டுப் பையன் பொறியியலில் சேர்ந்துவிட்டானே என்று ஏங்குகிறார் தாய். பெண்பிள்ளையாயின், "படித்தது போதும்" என்ற இரு சொற்களில் பேச்சு முடிந்துவிடுகிறது. யாருடைய வாழ்வைப் பற்றி இத்தனை பேரும் பேசுகின்றனரோ, அந்தப் பிள்ளையின் விருப்பத்தை மட்டும் எவரும் கேட்பதில்லை.

இத்தகைய வேளையில் நாம் நினைவுகூர வேண்டியவர் ஹஜ்ரத் ஜைது இப்னு தாபித் (ரலி) அவர்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அவர் ஏறத்தாழப் பதினொரு வயதுச் சிறுவர். திருமறையின் பல அத்தியாயங்களை அதற்குள் மனனம் செய்திருந்தார். அவருடைய ஆற்றலைக் கண்டு மகிழ்ந்த பெருமானார் (ஸல்) அவர்கள், யூதர்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்துவதற்காக அவர்களுடைய எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அரைத் திங்களுக்குள் அவர் அதில் தேர்ச்சி பெற்றார்.

அதே ஜைது (ரலி), உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது வயது போதாது எனத் திருப்பி அனுப்பப்பட்டார். ஒரு வாயில் அடைபட்டது. ஆனால் அவருடைய வாழ்வு அடைபடவில்லை. யமாமாப் போரில் திருமறையை மனனம் செய்திருந்தோர் பலர் ஷஹீதானபின், அதனை ஒன்றுதிரட்டும் பெரும்பணியைக் கலீபா அபூபக்கர் (ரலி) அவர்கள் இவரிடமே ஒப்படைத்தார்கள். அப்போது அவர் இருபதைச் சற்றே கடந்த இளைஞர்! மதிப்பெண் குறைந்ததால் விரும்பிய இடம் கிட்டாத பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த ஆறுதல் உண்டோ?

தகுதியறிந்து பணி தருவது நாயகத்தின் வழிமுறை. பாங்கின் சொற்களைக் கனவில் கண்டவர் அப்துல்லாஹ் இப்னு ஜைது (ரலி). ஆயினும் குரல்வளம் மிக்க பிலால் (ரலி) அவர்களையே பாங்கு சொல்லச் செய்தார்கள். எல்லாரையும் ஒரே அச்சில் வார்ப்பது இஸ்லாம் காட்டிய நெறியன்று. பெண்மக்களும் இதற்கு விலக்கல்லர். அன்னை ஹப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்பித்தவர் ஷிபா (ரலி) என்னும் பெண்மணியே.

ஆகவே, முதலில் மஷூரா செய்யுங்கள். காரியங்களில் கலந்தாலோசிக்குமாறு திருமறை பணிக்கிறது. பிள்ளை, பெற்றோர், ஆசிரியர், விவரமறிந்த உறவினர் ஆகியோர் கூடிப் பேசட்டும். எல்லா வழிகளையும் விசாரித்தறியுங்கள். பட்டப்படிப்பு ஒன்றே வழியன்று. பத்தாம் வகுப்பு முடித்தோர் ஐ.டி.ஐ.யிலோ மூன்றாண்டுப் பாலிடெக்னிக்கிலோ சேரலாம். பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பொறியியற் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் இடமுண்டு. மார்க்கக் கல்வியில் நாட்டமுள்ளவன் அரபிக் கல்லூரியில் சேர்ந்து ஆலிமாகலாம். தமிழகத்தில் லெப்பை, தக்னி, மாப்பிள்ளை முதலான பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவினருக்கென 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு 2007-ஆம் ஆண்டில் அளிக்கப்பட்டது. அதற்குரிய சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைப்பது அவசியம்.

பிறகு இஸ்திகாரா தொழுங்கள். கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, எது நன்மையோ அதனை எளிதாக்கி, எது தீமையோ அதனை விலக்குமாறு இறைவனிடம் வேண்டுவதே அது. அதன்பின் கனவு வர வேண்டும் என்று காத்திருப்போர் பலர். நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த முறையில் அப்படியொரு நிபந்தனை இல்லை. விசாரிக்கும் பொறுப்பை நம்மிடமிருந்து அது நீக்கிவிடுவதுமில்லை.

பணமில்லை என்பதற்காகப் படிப்பை நிறுத்துவதும், வட்டிக்கடனில் விழுவதும் வேதனைக்குரியவை. இங்குதான் ஜமாஅத்துகளின் கடமை தொடங்குகிறது. 1919-ஆம் ஆண்டிலேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. 1951-ஆம் ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் எழுந்தன. தம் பிள்ளைகளை மட்டுமின்றி ஊரார் பிள்ளைகளையும் எண்ணிப் பார்த்த நம் முன்னோர் வாரி வழங்கியதன் விளைவு அது. ஏழை மாணவர்க்கு ஸகாத்திலிருந்தும் பைத்துல்மாலிலிருந்தும் கைகொடுக்கும் மஹல்லா, அந்த வழியில் நடப்பதாகும்.

பெற்றோர்களே! இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையை அருகில் அமர்த்தி, "உனக்கு எதில் நாட்டம்?" என்று கேளுங்கள். குறுக்கிடாமல் அதன் விடையை இறுதிவரை செவிமடுங்கள். நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும் ஹலாலான வாழ்வையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.