மனச்சிதைவு: பேயும் அல்ல, சாபமும் அல்ல

கணவன் மனைவியரே!

வீட்டில் யாராவது தனக்குத்தானே பேசுகிறாரா? யாருமில்லாதபோது "குரல் கேட்குது" என்கிறாரா? குளிக்காமல், யாரோடும் பேசாமல் மூலையில் முடங்கிக் கிடக்கிறாரா? "மருமகள் வந்த நேரம்", "காத்து கருப்பு" என்று பழி போடாதீங்க. அது மனச்சிதைவு நோயாக இருக்கலாம். உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

புண்ணோ காய்ச்சலோ வந்தால் அதை எதிர்த்துப் போராட நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அது வேலை செய்யும்போது இரத்தத்தில் சில புரதங்கள் கூடும். மனச்சிதைவு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. போன்ற அந்தப் புரதங்கள் கூடியிருப்பதை மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நோய் கடுமையாகும்போது இன்டர்லூக்கின்-6 ஏறுவதும், சிகிச்சைக்குப்பின் இறங்குவதும் உண்டு. ஆகவே இது உடம்போடும் சம்பந்தப்பட்ட நோய். யாருடைய குற்றமும் அல்ல.

ஆனால் இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இந்நோயைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கென்று கடன் வாங்கிச் செலவு செய்யாதீங்க. மருத்துவர் நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசித்தான் கண்டறிவார்.

இருவரும் சேர்ந்து நோயாளியை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குணம் தெரிந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க. ஆலோசனைக்கு 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

கட்டிப் போடாதீர்! கூட்டி வாரீர்!