அது என்ன கார்?

டெலிவிஷனில் பழைய படம் ஓடுகிறது. கதாநாயகன் காரில் வந்து இறங்குகிறான். "அது என்ன கார், தாத்தா?" என்று பேரன் கேட்கிறான். அடையாளம் தெரிந்தால் உடனே சொல்லிவிடலாம்!

உருண்டு திரண்ட உடம்பா? அது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டிச் செய்தது. 1958 முதல் 2014 வரை வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் தயாரானது.

பின்புறம் இரண்டு ஓரமும் மீன் வால் போலத் தூக்கி நிற்கிறதா? அது பம்பாயில் தயாரான பியட் 1100. பிற்பாடு பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்றது.

கதவு இரண்டுதானா? சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டாக இருக்கலாம். அதன் என்ஜின் மூடியைத் திறந்தால், முன் சக்கரங்களின் மேல்தகடும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும்.

1998-க்குப் பிறகு வந்த படமா? மிட்சுபிஷி லான்சர் தென்படலாம். அது நம் திருவள்ளூர் ஆலையில் பிறந்த கார்!

நம்பர் பலகையையும் பாருங்கள். "டி.என். 20" என்றால் திருவள்ளூர். ஆனால் இந்த முறை 1989-ல்தான் வந்தது. 1960-ல் நடக்கும் கதையில் அப்படி ஒரு பலகை தெரிந்தால் அது தவறு!

பழைய கார்களில் பல காயலான் கடைக்குப் போய்விட்டன. பழைய இரும்பைக் கும்மிடிப்பூண்டி ஆலைகள் உருக்கிக் கம்பி ஆக்குகின்றன. அப்படிப் போன கார்கள் இனி ஓடுவது படத்தில் மட்டுமே. பெயர் சொல்லத் தெரிந்த தாத்தா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்!