சிறு கடைக்காரரைத் தேடிய கம்பெனி

1996-ல் தொடங்கிய கம்பெனி அது. அப்போது பெயர் "அட்வென்ட்நெட்". தொலைத்தொடர்புக் கருவி செய்யும் பெரிய நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்றது.

2001-ல் அந்தத் தொழிலே படுத்துவிட்டது! வாங்க ஆள் இல்லை.

யாரிடம் விற்பது?

பெரிய புள்ளிகள் போகட்டும் என்று, சின்ன அலுவலகம் நடத்துகிறவர்களையும் தேடினார்கள். துணிச்சல்தான்! அவர்களால் பெரிய விலை கொடுக்க முடியாது. அதனால், "முதலில் இலவசமாகப் பாருங்கள், பிடித்தால் சந்தா கட்டுங்கள்" என்றார்கள்.

பெயரும் மாறியது. சிறு அலுவலகம், வீட்டு அலுவலகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் "சோஹோ". அதிலிருந்து வந்ததுதான் "ஜோஹோ"!

குற்றாலம் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமம். வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உதவும் "ஜோஹோ டெஸ்க்" மென்பொருள் உருவானது அங்கேதான். வாங்குகிற கடைக்காரர் அமெரிக்காவிலும் இருப்பார்!