ஆட்டத்திற்குப் போகும் பிள்ளையும் ஓய்ந்து நிற்கும் தறியும்

விளையாட்டினால் பிள்ளைகளுக்கு உண்டாகும் நன்மையை நமது அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆட்டத்திற்கு ஆகும் செலவைக் காட்டிலும், ஆட்டத்திற்குப் போய்வரும் செலவே குடும்பத்தை அழுத்துகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செல்வம் மிகுந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஆஸ்பென் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பிள்ளையின் ஒரு விளையாட்டுக்கு ஆண்டொன்றுக்கு ஆகும் சராசரிச் செலவு 693 டாலர். அதில் பயணத்திற்கு மட்டும் 196 டாலர். மற்ற எந்தச் செலவினமும் இந்த அளவை எட்டவில்லை.

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தங்களுக்குள் ஆடும் வரையில் செலவு பெரிதன்று. விருதுநகருக்குச் செல்வதென்றால் ஒரு நாள் கழிகிறது. மதுரை என்றால் பயணத்தோடு சாப்பாடும் சேர்கிறது. சென்னை என்றால் பொதிகை ரெயிலில் ஓர் இரவு, அங்கே தங்க இடம், திரும்பி வர மற்றோர் இரவு. போட்டிகளுக்குச் செல்லும் வீரர்களுக்கு ரெயில்வே அளித்து வந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில், தொற்றுநோய்க் காலத்தில், நிறுத்தப்பட்டது.

இவை சீட்டில் அச்சாகும் செலவுகள். சங்கங்களின் பேரேடுகளைப் பார்வையிடும் நமக்கு, சீட்டில் அச்சாகாத செலவே பெரிதாகத் தெரிகிறது. மகளைத் தனியே அனுப்ப மனமின்றித் தந்தை உடன் செல்கிறார். பாவு தறியில் ஏறியபடி நிற்கிறது. அந்த நாட்களுக்கு நெசவுக் கூலி இல்லை. கறவை மாடு வைத்திருப்பவரின் பாடு இன்னும் சங்கடம். காலையும் மாலையும் கறந்தே தீர வேண்டும். மாட்டுக்கு விடுமுறை ஏது? பயணப்படி பெற்று வெளியூர் செல்லும் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு இது எளிதில் விளங்குவதில்லை.

இத்தனை சிரமப்பட்டுப் போகத்தான் வேண்டுமா? ஆட்டம் கைவந்த பிள்ளை போகத்தான் வேண்டும். உள்ளூரில் பழகிய எதிரியையே வென்று கொண்டிருப்பவனுக்குத் தன் குறை தெரியாது. தேர்வாளர் கண்ணில் படுவதும், உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் உதவும் சான்றிதழ் கிடைப்பதும் வெளியூரில்தான். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் சிறந்த வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு உண்டு.

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். தொடக்கத்தில் வெறுங்காலுடன் ஓடினார். பயிற்சிக்காக மதுரை சென்றுவரும் பஸ் செலவுகூட அக்குடும்பத்திற்குப் பாரமாயிருந்தது. பயிற்சியாளர் கண்ணன், மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க ஏற்பாடு செய்தார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், கலப்புத் தொடர் ஓட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார். ஓட்டத் திறமை அவரிடம் முன்னமே இருந்தது. பஸ் கட்டணம் அதை ஊரிலேயே முடக்கிவிடாமல் ஒருவர் தடுத்தார், அவ்வளவே.

அதற்காக, பத்து வயதுப் பிள்ளைகளை நுழைவுக் கட்டணம் கட்டித் தொலைதூரப் பந்தயங்களுக்கு அழைத்துச் செல்வதை நாம் ஆதரிக்கவில்லை. கோப்பையின் பளபளப்பைக் கண்டு வட்டிக்குக் கடன் வாங்குவோரும் உளர். அந்த வயதில் பக்கத்து ஊர் மைதானமே போதும். மாவட்ட அணிக்குத் தேர்வான பிள்ளைக்கே நெடும் பயணம் தகும்.

அத்தகைய பிள்ளைகளுக்குச் சங்கங்கள் உதவலாகாதா? நிகர இலாபம் காணும் சங்கங்கள், சட்டமும் துணைவிதிகளும் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து பயணத் தொகை வழங்கப் பொதுப்பேரவையில் தீர்மானிக்கலாம். பணத்தைவிட எளியதும் ஒன்றுண்டு. நாலைந்து குடும்பத்துப் பிள்ளைகளை ஒன்றாக அனுப்பி, துணைக்கு ஒரு தாயாரோ தந்தையாரோ முறை வைத்துச் சென்றால், மற்றவர்களின் தறிகள் ஓடும். துணை செல்பவரின் அன்றைய கூலியை மற்ற வீட்டார் பகிர்ந்து கொடுக்கட்டும். அவர் மாட்டை அண்டை வீட்டார் கறந்து, பாலை அவர் பெயரிலேயே சங்கத்தில் ஊற்றட்டும்.