பார்த்த படங்களும் தோன்றிய எண்ணங்களும்

சினிமா விமர்சனம் எழுதப் பெரிய பத்திரிகைகள் இருக்கின்றன. மதிப்பெண் போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். இது அந்த ரகம் அல்ல. பலமனேரில் குடியிருக்கும் ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பஸ்தன், சென்ற ஒன்றிரண்டு ஆண்டுகளில் பார்த்த படங்களைப் பற்றி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போலச் சொல்லும் அபிப்பிராயங்கள், அவ்வளவே. ஒத்துக்கொள்கிறவர்கள் தலையாட்டலாம். மறுப்பவர்கள் அடுத்த இதழில் மறுத்து எழுதலாம். ஆசிரியர் இடம் தருவார் என்று நம்புகிறேன்!

எங்கள் ஊரை அறியாத அன்பர்களுக்காக இரண்டு வரி. சித்தூரிலிருந்து பெங்களூர் போகும் பழைய சாலையில், மொகிலி மலைப்பாதை ஏறினால் பலமனேர். மேற்கே முளபாகல் வந்துவிட்டால் கன்னடம். தெற்கே மலையை விட்டு இறங்கினால் குடியாத்தம், நம் தமிழ். 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டாகும் வரை வட ஆற்காட்டோடு சேர்ந்திருந்த பூமி இது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் ஆங்கிலமும். இப்படிப்பட்ட ஊரில் சினிமா பார்ப்பது என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல. எந்த மொழியில் பார்ப்பது என்ற பஞ்சாயத்தும் அதில் சேர்ந்தே வரும்.

முன்பெல்லாம் தியேட்டரில் என்ன ஓடுகிறதோ அதுதான். இப்போது வீட்டுத் தொலைக்காட்சியிலேயே ஒரு படத்துக்கு நாலைந்து மொழி. பொத்தானை அமுக்கினால் கார்த்தி தமிழ் பேசுவார். இன்னொரு முறை அமுக்கினால் தெலுங்கு பேசுவார். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் தமிழ்க் கட்சி. பேரப்பிள்ளைகள் தெலுங்குக் கட்சி. மகன் நடுநிலைமை, அதாவது தூங்கிவிடுவான்!

சரி, படங்களுக்கு வருவோம்.

அத்தானும் பாவாவும்

2024 செப்டம்பரில் வந்த ‘மெய்யழகன்’ படத்தை முதலில் சொல்ல வேண்டும். ‘96’ எடுத்த பிரேம்குமாரின் படம். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒரு குடும்பம். பல வருஷங்கள் கழித்து, ஒரு கல்யாணத்துக்காக அந்த வீட்டுப் பிள்ளை ஊர்ப் பக்கம் வருகிறார். அங்கே ஓர் உறவுக்காரர் அவர்மேல் அன்பைக் கொட்டுகிறார். ஆனால் அந்த ஆள் யார், பெயர் என்ன என்பது இவருக்கு ஞாபகமில்லை. கேட்கவும் வெட்கம். இவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. அரவிந்த் சாமியும் கார்த்தியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

நீளம் என்று புகார் வந்து, வெளியான சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அந்த நீளம் உறுத்தவில்லை. ஊருக்குப் போனால் பேச்சு நீளத்தான் செய்யும். கடிகாரம் பார்த்தா பேசுகிறோம்?

இதே படம் தெலுங்கில் ‘சத்யம் சுந்தரம்’ ஆயிற்று. தஞ்சாவூர் குண்டூர் ஆயிற்று. ‘அத்தான்’ என்ற அழைப்பு ‘பாவா’ ஆயிற்று. என் பேரன் தெலுங்கில் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆக, உணர்ச்சிக்கு மொழி குறுக்கே நிற்கவில்லை. ‘பாவா’வும் இனிமையான சொல்தான். ஆனால் காவிரிக் கரைக் கதையைக் கிருஷ்ணா நதிக் கரைக்கு மாற்றியபின் ஒன்று குறைகிறது. அந்த மண்ணை விட்டு வந்த மனிதனின் ஏக்கம்தான் படமே. அந்த மண்ணின் பெயரையே எடுத்துவிட்டால்? நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் அந்தப் படத்தைத் தமிழில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பேச்சு மேடையேறியது

‘புஷ்பா’ பற்றிச் சொல்லாமல் சித்தூர் மாவட்டத்துக்காரன் எழுதுவது முறையாகாது. முதல் பாகம் 2021 டிசம்பரில் வந்தது. இரண்டாவது 2024 டிசம்பரில். அல்லு அர்ஜுனுக்கு முதல் பாகத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. தெலுங்கு நடிகர் ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவை.

எனக்குப் பிடித்தது அவர் தோளைத் தூக்கி நடக்கும் நடை அல்ல. வாயைத் திறந்தால் வரும் பேச்சு. சித்தூர்த் தெலுங்கு! தமிழின் இழுவையும் ராகமும் கலந்த எங்கள் பேச்சைத் தெலுங்குப் படங்களில் பெரும்பாலும் சிரிப்புக்குத்தான் வைப்பார்கள். அதைக் கதாநாயகனின் வாயில் வைத்தார் இயக்குநர் சுகுமார். இரண்டாம் பாகத்தில் கங்கம்மா ஜாத்திரை வருகிறது. நேர்த்திக்காக ஆண்கள் பெண் வேடம் பூண்டு போகும் திருப்பதி வழக்கத்தை, நீலப் புடவை கட்டிய நாயகன் உலகத்துக்கே காட்டிவிட்டார். ஒரு வேடிக்கை: கதை எங்கள் சேஷாசல மலைக் கதை. ஆனால் முதல் பாகத்தின் காட்டுக் காட்சிகளைப் பெரும்பாலும் கோதாவரிப் பக்கத்து மாரேடுமில்லியில் எடுத்தார்கள்!

நிற்க. கைதட்டி முடித்தபின் ஒரு சங்கடம் மனசில் தங்கிவிட்டது. செம்மரம் உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக விளையாத மரம். ஆந்திராவின் தென்பகுதி மலைகள்தான் அதன் வீடு. படத்தில் கூலிக்காரனாகச் சேர்ந்த புஷ்பராஜ் கடத்தல் சாம்ராஜ்யத்துக்கே தலைவனாகிறான். நிஜத்தில் கோடாலி பிடித்தவர்கள் யார்? ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் பிழைப்பில்லாமல், தரகர் பேச்சை நம்பி வந்த நம் தமிழ் ஏழைகள்தான் அதிகம். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி திருப்பதிக்குப் பக்கத்துக் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கினார்கள் என்றது காவல் துறை; இல்லை என்றன மனித உரிமை அமைப்புகள். அந்த இருபது பேரில் யாரும் புஷ்பராஜ் ஆகவில்லை.

படம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நானே இரண்டு பாகமும் பார்த்தவன். ஆனால் பிள்ளைகளோடு பார்க்கிறவர்கள், படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் இந்த 20 பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நம் ஊர்க் காட்டில் நடந்தது. நம் மொழி பேசியவர்களுக்கு நடந்தது.

தார் சுமந்த தோள்கள்

அப்படிப் பேசத் தொடங்கினால் ‘வாழை’ பற்றியும் பேச வேண்டிவரும். மாரி செல்வராஜ் தம் இளமைக் காலத்தை வைத்து எடுத்த படம், 2024 ஆகஸ்டில் வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வாழைத் தோட்டங்கள். பள்ளிக்கூடம் விடுமுறை என்றால் மற்றப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சிவனணைந்தான் என்ற இந்தச் சிறுவனுக்கோ பயம், காரணம் விடுமுறை என்றால் தார் சுமக்கப் போக வேண்டும். கழுத்து வலிக்கும்.

முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. ரஜினி கட்சி ஒரு பையன், கமல் கட்சி ஒரு பையன். டீச்சர் மேல் இருவருக்கும் பிரியம். சிரிக்க வைத்துக்கொண்டே வந்து கடைசியில் நெஞ்சில் கல்லைப் போட்டுவிடுகிறார். கூலியை உயர்த்திக் கேட்டதற்காக முதலாளி எந்தச் செலவைக் குறைக்கிறான், அதனால் என்ன நேர்கிறது என்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

புஷ்பாவில் கூலிக்காரன் முதலாளியாவதைப் பார்த்து விசிலடித்தோம். வாழையில் கூலிக்காரன் கூலிக்காரனாகவே இருப்பதைப் பார்த்து வாய் மூடிக்கொண்டோம். இரண்டில் எது நமக்குத் தெரிந்த உலகம் என்று கேட்டால், கையை நெஞ்சில் வைத்து எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம்.

பந்தும் திருப்பதிப் பிச்சைக்காரரும்

கனமான விஷயத்துக்குப் பின் கொஞ்சம் இளைப்பாறலாம். ‘லப்பர் பந்து’, 2024 செப்டம்பர். தமிழரசன் பச்சமுத்து என்ற புது இயக்குநர். ஊர் கிரிக்கெட்டில் ஒரு மூத்த மட்டையாளர், ஒரு இளம் பந்து வீச்சாளர், இருவருக்கும் வீம்பு. இளையவர் காதலிப்பது மூத்தவரின் மகளை! விஜயகாந்த் ரசிகராக வரும் ‘அட்டகத்தி’ தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர, 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ படத்து இளையராஜா பாட்டு ஒலிக்க, என்னையும் அறியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். விஜயகாந்த் 2023 டிசம்பரில் மறைந்த துக்கம் ஆறாத நேரம் வேறு. சாதியின் பெயரால் ஆட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவதையும் சத்தம் போடாமல் சொல்லிவிடுகிறார்கள். வீட்டுப் பெண்கள்தான் கடைசியில் ஆண்களை வழிக்குக் கொண்டுவருகிறார்கள். என் மனைவிக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை!

2025 ஜூனில் வந்த ‘குபேரா’வுக்கு எங்கள் பக்கத்தில் தனி ஆர்வம் இருந்தது. திருப்பதியில் பிச்சையெடுக்கும் ஒருவனாக தனுஷ். பல கோடி லஞ்சப் பணத்தை மறைக்கப் பெரிய மனிதர்கள் பிச்சைக்காரர்களின் பெயரில் கம்பெனி தொடங்குகிறார்கள். சேகர் கம்முலா இதைத் தமிழ், தெலுங்கு இரண்டிலும் சேர்த்தே எடுத்தார். படம் நீளம்தான், பிற்பாதியில் ஓட்டம் தளர்கிறது. ஆனால் தனுஷின் கண்ணில் தெரிந்த அந்த மருட்சி! திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் பார்க்காதது போல் கடந்துபோகும் முகங்கள் அவை. அவற்றுக்கு ஒரு பெயரும் கதையும் உண்டு என்று மூன்று மணி நேரம் நம்மைப் பார்க்கவைத்ததே பெரிய காரியம்.

உச்சரிப்பை ஒளித்துவைத்த குடும்பம்

நம் சங்கத்து அன்பர்கள் அனைவரும் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லும் படம் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே முதல் தேதி வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் பிழைக்க வழியின்றி, படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒளிந்து வாழும் ஈழத் தமிழ்க் குடும்பம். சசிகுமார், சிம்ரன், இரண்டு பிள்ளைகள். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், கேட்பவர்களிடம் கேரளா என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழை ஒளித்துவைக்க வேண்டிய தமிழன்! சிரிப்புப் படம் என்று பெயர். எனக்குச் சிரிப்போடு சேர்ந்து தொண்டையும் அடைத்தது. அவர்களுடைய கஷ்டத்தோடு நம் நிலைமையை ஒப்பிடுவது தகாது. நமக்கு உயிர்ப்பயம் இல்லை. பலமனேர் மக்கள் எங்களை அன்போடுதான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் வேலூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் எங்கள் பேச்சைக் கேட்டு, “நீங்க தெலுங்குக்காரங்களா?” என்று கேட்பார்கள். இங்கேயோ, “மீரு அரவவாள்ளா?” என்பார்கள். இரண்டு பக்கமும் விருந்தாளிதான். அந்தப் படத்துப் பிள்ளைகள் பேசுவதற்கு முன் ஒரு நொடி தயங்குகிறார்களே, அந்தத் தயக்கம் எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் உண்டு.

தலைப்பில் வந்த தகராறு

கடைசியாக ஒரு விவகாரம். 2024 அக்டோபரில் ரஜினியின் ‘வேட்டையன்’ அதே பெயரோடு தெலுங்கிலும் வந்தபோது, தெலுங்குப் பெயர் வைக்கக் கூடாதா என்று தெலுங்கு ரசிகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். ‘வேட்டகாடு’ என்ற பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டதாகப் படக் கம்பெனி விளக்கம் சொன்னது.

அந்த ரசிகர்களின் கோபம் எனக்கு நியாயமாகவே பட்டது. தன் மொழியில் பெயர் வேண்டும் என்று கேட்பது தப்பா? அந்தக் காலத்தில் சென்னை வாஹினி ஸ்டூடியோவில் ‘மிஸ்ஸியம்மா’வை (1955) தமிழில் ஜெமினி கணேசனை வைத்தும் தெலுங்கில் என்.டி. ராமராவை வைத்தும் தனித்தனியாக எடுத்தார்கள். இரண்டிலும் சாவித்திரி. இரண்டு மொழிக்கும் அதனதன் மரியாதை. 1994-ல் வந்த ‘நாட்டாமை’யை 1995-ல் ‘பெதராயுடு’வாக எடுத்தபோதும், தமிழ் ஊர் தெலுங்கு ஊராகவே மாறி நின்றது. இப்போது ஒரே படத்துக்கு வாயசைப்பை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். சௌகரியம்தான். ஆனால் தெலுங்கு ரசிகர் தன் மொழிக்காகக் கோபப்படுவது போல, நாம் நம் மொழிக்காக என்ன செய்கிறோம்?

கொடி பிடிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரத்தில் ஒரு படம் பிள்ளைகள் விருப்பப்படி தெலுங்கில். மாதத்தில் ஒரு படம் கட்டாயம் தமிழில். அந்தத் தமிழ்ப் படத்தின் ஆரம்பத்தில் வரும் எழுத்துகளைப் பேரப்பிள்ளைகள் சத்தமாகப் படிக்க வேண்டும். தமிழில் வரும் பெயர் ஒன்றுக்கு ஒரு கடலை மிட்டாய். முதல் மாதம் ‘இசை’ என்பதைப் படிக்கவே மூச்சு வாங்கியது. இப்போது ‘ஒளிப்பதிவு’ வரை வந்திருக்கிறோம். ‘ஒப்பனை’யில் கொஞ்சம் தடுக்குகிறது.

தமிழ்ப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லாத ஊரில், சினிமாவின் பெயர்ப் பட்டியல்தான் எங்களுக்கு அரிச்சுவடி. உங்கள் ஊரில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், எந்தப் படம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். நல்ல படமாக இருந்தால் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கடலை மிட்டாய் நான் வாங்கி வைக்கிறேன்!